அமைச்சர் சொன்னதும் என் கை சொன்னதும்

அக்டோபர் 27, செவ்வாய்

காலையில் மருத்துவமனை வேலை. ஒரு கணவன் மனைவி, இருவருக்கும் காது கேட்காது. மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே, "சின்னக் கட்டிதான், பயப்படாதீங்க, எடுத்துடலாம்" என்றார். நான் அதைக் கையால் சொன்னேன். அந்தப் பெண் மருத்துவர் பக்கம் திரும்பவே இல்லை. பயப்படலாமா, கூடாதா என்று என் புருவத்தில் தேடிக்கொண்டிருந்தாள். சைகை மொழிபெயர்ப்பில் ஆளைத் தின்கிற இடம் இதுதான். வார்த்தை அவர்களுடையது, முகம் என்னுடையது.

மதியம் செய்தித் துறையிலிருந்து அழைத்தார்கள். மழை வலுக்கிறதாம். பேரிடர் அமைச்சர் தினமும் தொலைக்காட்சியில் பேசப் போகிறாராம். திரையின் மூலையில் ஒரு கட்டத்தில் நான் நிற்க வேண்டும். "டார்க் கலர்ல ப்ளெயினா ஒரு சட்டை போட்டுட்டு வாங்க மேடம், கை தெரியணும்ல?" என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி. சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர். இழவுச் செய்தியையும் இப்படித்தான் சொல்வார்போல. இனி இவர் பெயர் சிரிப்பு.

அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் சொன்னேன். அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது; நான் பேசக் கற்றதே கையால்தான். "டிவியிலயா? நீயா?" என்று கேட்டாள். அப்புறம், "தலையை ஒழுங்கா வாரிக்கிட்டுப் போ."

அக்டோபர் 29

முதல் உரை முடிந்தது. மனுஷன் நன்றாகத்தான் பேசுகிறார். குரல் வெந்நீர் ஒத்தடம் மாதிரி. "நான் உங்க வீட்டுப் பிள்ளை. என் தாய் என்னை இடுப்புல வச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில நடந்தவ…" நிருபர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தனையையும் கையில் போட்டு முடித்துவிட்டு யோசித்தால் — மழை. நான் இருக்கிறேன். என் அம்மா. மழை. நான் இருக்கிறேன். எந்தத் தெருவுக்கு ஆபத்து, எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது? ஒன்றுமே வரவில்லை. காதுக்கு நிறைந்து வழிகிற பேச்சு, கைக்கு வந்தால் காலிப் பாத்திரம்.

சாயங்காலம் காதுகேளாதோர் சங்கச் செயலாளர் வீடியோவில் வந்தார். பெயரை எழுத்தெழுத்தாகப் போட நேரமாகும் என்று காதுகேளாதோர் ஆளுக்கொரு சைகைப் பெயர் வைத்துக்கொள்வார்கள். செயலாளருக்கு 'மீசை'. அமைச்சருக்கும் இன்றே வைத்தாகிவிட்டதாம்: 'கண்ணாடி துடைக்கிறவர்'. நேராக ஒரு கேள்வி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாராம். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன், எனக்குத் தெரியவில்லை. நமக்கெல்லாம் காது இருக்கிறதே, சொக்கிப் போய்விடுகிறோம்.

அக்டோபர் 31

மழை. உரை. அவருடைய தாய் மறுபடியும் முழங்கால் தண்ணீரில் நடந்தார்.

நவம்பர் 1, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஊரின் கிழக்குப் பகுதி, தாழ்வான தெரு. முன்னறையில் அண்ணனின் கடை — மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்ப்பது. பின்னால் இரண்டு அறைகளில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் குட்டி. வாசலில் சாக்கடை நிரம்பி நின்றது.

"என்ன பேச்சு பேசறார்டி அந்த மனுஷன்! கேட்டாலே தைரியமா இருக்கு" என்றான் அண்ணன்.

"அப்படி என்ன சொன்னார், சொல்லு பாப்போம்."

யோசித்தான். "பயப்பட வேணாம்னார்."

"அப்புறம்?"

"அதான் முக்கியம். பயந்து ஓடித்தானே அன்னைக்குப் பாலத்துல அத்தனை பேர் செத்தாங்க? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சில வருஷம் முன்பு, அணை உடைந்துவிட்டது என்று எவனோ கிளப்பிவிட, ஊரே பாலத்துக்கு ஓடியது. தண்ணீர் வரவில்லை. மிதிபட்டுச் செத்தார்கள். அதனால் அண்ணன் சொல்வதில் நியாயமே இல்லை என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

"ஆனா நீ கட்டத்துக்குள்ள அழகா இருந்த" என்றாள் அண்ணி. "எங்க தெருவே பாத்துச்சு. கைதான் புரியல."

என்ன பேசுகிறோம் என்று அம்மா கேட்டாள். அண்ணன் கையை லேசாக வீசி, "ஒண்ணுமில்ல" என்றான். சின்ன வயதில் என்னைவிட வேகமாகக் கை பேசியவன். இப்போது 'சாப்பிடு', 'தூங்கு', 'ஒண்ணுமில்ல' — அவ்வளவுதான். அம்மா மேசையில் ஓங்கித் தட்டினாள். "ஒண்ணுமில்லன்னா ஏன் எல்லாரும் வாயை அசைக்கிறீங்க?"

நவம்பர் 3

எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நான் மூலையில் நின்று விரல்களை நீவிக்கொண்டிருந்தேன். அமைச்சர், சிரிப்பு, அணையின் தலைமைப் பொறியாளர் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. கையாட்டுகிறவளுக்கும் காது கேட்காது என்று நினைத்துக்கொள்வார்கள். எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன்.

பொறியாளர் சொன்னார்: "சார், இன்னைக்குச் சாயங்காலம் மதகைத் திறந்தே ஆகணும். கிழக்குப் பக்கம் பூரா கழுத்தளவு ஏறிடும். இப்பவே காலி பண்ணச் சொல்லிடுங்க."

"இப்பச் சொன்னா எல்லாரும் ஒரே நேரத்துல பாலத்துக்கு ஓடுவான். மறுபடி மிதிபட்டுச் செத்தா யாரைக் கேப்பாங்க? உங்களையா, என்னையா?"

"பள்ளிக்கூட மாடி இருக்கு சார், அங்க போகச் சொல்லலாம். இல்ல, படகாவது—"

"படகு காலையில வருது. காலையில முறையா அறிவிச்சுக்கலாம். அதுவரைக்கும் தாங்கும்ல?"

"தாங்காது சார்."

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மேடைக்குப் போனார்.

"கிழக்குப் பகுதி மக்கள் பதற வேண்டாம். வதந்தியை நம்பாதீங்க. வீட்டிலேயே பத்திரமா இருங்க. உங்களுக்காக நான் விழிச்சிருக்கேன்."

'வீடு. இரு.' இரண்டே சைகை. என் கை எழுந்தது. அதைப் போடவில்லை.

கிழக்கு. தண்ணீர் வருகிறது. இன்று சாயங்காலம். கழுத்துவரை. கிளம்பு. பாலம் வேண்டாம். பள்ளிக்கூட மாடி. கிளம்பு.

அவர் பேசி முடிக்கும்வரை திரும்பத் திரும்ப அதையே போட்டேன். அவருடைய தாய் தண்ணீரில் நடந்தபோதும் நான் கிளம்பு, கிளம்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் சிரிப்பு வந்து, "இன்னைக்கு ரொம்ப உணர்ச்சியா பண்ணீங்க மேடம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

வராந்தாவுக்கு ஓடி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, உடனே கிளம்பு. மதகைத் திறக்கறாங்க."

"நீ என்னடி பண்ணி வச்சிருக்க? அம்மா இங்க பையைக் கட்டிக்கிட்டு ஒரே ரகளை. கிளம்புன்னு நீ சொன்னியாம். அவர் இருக்கச் சொல்றாரு. நான் என் காதால கேட்டேன்."

"அவர் சொன்னது பொய்."

"நாடே பாக்கும்போது ஒரு அமைச்சர் பொய் சொல்வாரா? நீ மாத்திச் சொன்னது வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். புத்தி இருக்கா உனக்கு?"

"அண்ணா, உன் கால்ல விழறேன்."

அவனுக்குப் பின்னால் அம்மா எதையோ ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது. "சரி. அம்மா, உங்க அண்ணி, குட்டி மூணு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன். போதுமா? கடை நிறைய ஊரார் மிக்ஸி கெடக்கு. அதையெல்லாம் பரண்ல ஏத்திட்டு வரேன்."

"விட்டுட்டு வாண்ணா."

"ஊரார் பொருள்டி. வரேன். கத்தாத."

நவம்பர் 4

தொலைபேசி எதுவும் போகவில்லை. மதகு திறந்தாகிவிட்டது. கிழக்கே போகும் சாலையை மூடிவிட்டார்கள்.

நவம்பர் 6

படகில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூட மாடியில் அம்மா குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீசை குடும்பத்தோடு இருந்தார். கிழக்கில் இருக்கும் காதுகேளாதோர் எல்லோரும் அங்கே இருந்தார்கள். சிலர் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். இழுத்தும் வராதவர்கள், "டிவியிலயே சொல்லிட்டாங்கப்பா" என்று சிரித்தார்களாம்.

அண்ணி படிக்கட்டில் தனியாக நின்றாள். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பார்த்தாள். அவன் என்னோடு வந்திருப்பான் என்று நினைத்திருக்கிறாள்.

வரவில்லை. ஐயோ, வரவே இல்லை.

நவம்பர் 7

கடையிலேயே இருந்தான். பரணுக்குப் போகும் ஏணிக்குக் கீழே. மிக்ஸிகள் மட்டும் மேலே வரிசையாக, நனையாமல், ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர் ஒட்டியபடி.

நவம்பர் 8

முடிந்தது. அம்மா அழும்போது அவளுக்கே கேட்காத ஒரு சத்தம் வருகிறது. குட்டி பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நவம்பர் 12

எல்லாச் சேனலிலும் அவர்தான். வெள்ளம் வடிந்த தெருவில் நின்று அழுதார். 'கல்நெஞ்சையும் கரைத்த உரை' என்று ஒரு பத்திரிகை. 'பீதி பரவாமல் காத்த குரல்' என்று இன்னொன்று. ஒரு விவாதத்தில் நாலு பேர் உட்கார்ந்து அவர் பேச்சுக்கு மார்க் போட்டார்கள். ஒருவர் பத்துக்கு ஒன்பது கொடுத்தார். அந்த ஒன்றை எதற்குக் குறைத்தார் என்று கேட்கலாம்போல இருந்தது. பேச்சு கொஞ்சம் நீளம் என்றா?

செத்தவர்கள் மார்க் போடுவதில்லை.

அண்ணியும் குட்டியும் அம்மாவும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்ணி என்னோடு பேசுவதில்லை. இன்று தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"கையால ஊருக்கே சொன்னியே. பக்கத்துலதானே மைக் இருந்துச்சு? வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க அண்ணன் கேட்டிருப்பாரு."

வாய் இருந்தது. மைக் இரண்டடியில் இருந்தது. கத்தியிருந்தால் இழுத்துப் போயிருப்பார்கள். அதற்குள் நாலு வார்த்தை போயிருக்கும். யாருக்கும் புரியாத மொழியில் தைரியசாலியாக இருந்தேன் — அவ்வளவுதானா நான்?

நவம்பர் 20

மீசை வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"உன்னால நான் உயிரோட இருக்கேன். என் பிள்ளைங்க இருக்காங்க. நன்றி."

தலையாட்டினேன்.

"ஒண்ணு கேக்கலாமா? நாளைக்கு டாக்டர் என்கிட்ட ஏதோ சொல்றார். நீ கையில போடற. அது டாக்டர் சொன்னதா, எனக்கு நல்லதுன்னு நீ நினைக்கறதா? எனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு வேற வழியில்ல."

"இல்லதான். எனக்கும் தெரியும். ஆனா அவர் பொய் சொன்னார்ங்கறதே எனக்கு மூணு நாள் கழிச்சு, பக்கத்து வீட்டுக்காரன் எழுதிக் காட்டித்தான் தெரிஞ்சுது. அவர் நல்லவர், சரியான நேரத்துல எச்சரிச்சார்னு நினைச்சு நாங்க எல்லாரும் கையைத் தூக்கி வாழ்த்தினோம். எங்களுக்கு மட்டும் அவர் பொய்யைக் கேக்கற உரிமை கூட இல்லையா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் 9

விசாரணைக் குழு. பெயர்: 'பேரிடர்காலத் தகவல் தொடர்பு குறித்த ஆய்வுக் குழு'. மூன்று பேர். அமைச்சரின் உரையைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். வேறு ஊரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என் கைகளுக்குக் குரல் கொடுத்தார். ஒரே நேரத்தில் இரண்டும் கேட்டது. அவர் "வீட்டிலேயே இருங்க" என்கிறார். நான் "கிளம்பு" என்கிறேன். அவர் "என் தாய்" என்கிறார். நான் "கழுத்துவரை" என்கிறேன். அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அன்று மேடைக்குப் பின்னால் நான் கேட்டதைச் சொன்னேன். பொறியாளரைக் கூப்பிட்டார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்க்காமல், "பல வாய்ப்புகள் விவாதிக்கப்பட்டன" என்றார். அன்று 'தாங்காது சார்' என்ற அதே வாய்.

தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி, மரியாதையாகத்தான் கேட்டார். "எல்லாரும் பாலத்துக்கு ஓடியிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

"பாலம் வேண்டாம், பள்ளிக்கூட மாடிக்குப் போங்கன்னு சொன்னேன் சார். யாரும் பாலத்துக்குப் போகல."

"நீங்க சொன்னது சில நூறு பேருக்கு. அவர் சொல்ல வேண்டியது லட்சம் பேருக்கு."

"அதே வாக்கியத்தை லட்சம் பேருக்கும் சொல்லியிருக்கலாமே சார்."

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. அலுத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

ஜனவரி 22

அறிக்கை வந்துவிட்டது. அமைச்சரின் உரைகள் 'நிதானமானவை, பரிவானவை, பொதுமக்களின் மன உறுதியைக் காத்தவை'. உயிரிழப்புகள் 'எதிர்பாராத நீர்வரத்தால்'. குறை என்று குழு கண்டது ஒன்றே ஒன்று: 'சைகை மொழிபெயர்ப்பில் அங்கீகாரமற்ற விலகல்'. மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் என் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். மருத்துவமனை, நீதிமன்றம் எங்கும் இனிப் போக முடியாது.

அடேயப்பா. இவ்வளவு பெரிய வெள்ளத்தில் தப்பு செய்தது என் பத்து விரல்தான்.

அம்மா வாசித்துக் காட்டச் சொன்னாள். ஒரு வரியும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் போட்டேன். முடிந்ததும், "இது அவங்க சொன்னதுதானா?" என்று கேட்டாள்.

என் அம்மாவே.

பிப்ரவரி 18

தேர்தல் வருகிறது. உயிரிழந்தோர் வீடுகளுக்கு அமைச்சர் நேரில் போகிறார். இன்று எங்கள் முறை. அண்ணன் கடையை நாங்கள் கழுவி வைத்திருந்தோம். அங்கேதான் வரவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கேமராக்கள், விளக்கு, நெருக்கடி. சிரிப்பு என்னைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

அமைச்சர் அம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். கைகளைப் பிடித்துக்கொண்டு! காது கேட்காது என்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. அண்ணிதான், "அவங்களுக்குக் காது கேக்காது, கையை விடுங்க" என்றாள். மொழிபெயர்க்க ஆள் இல்லை. என்னைத் தவிர.

"உங்க பிள்ளை எனக்குத் தம்பி மாதிரி அம்மா. அந்தத் தம்பியை நான் இழந்துட்டேன்."

உள்ளது உள்ளபடி போட்டேன். தம்பி. மாதிரி. இழந்தேன்.

அம்மா அவரைச் சுட்டினாள். நெற்றியைத் தொட்டாள். தண்ணீர். அன்று. புருவம் இரண்டும் உயர்ந்து நின்றன; கையில் கேட்கும் கேள்விக்கு அதுதான் அடையாளம்.

நான் குரல் கொடுத்தேன்: "அன்னைக்குத் தண்ணி வரும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"உங்களுக்குன்னு சொல்லுங்க" என்று சிரிப்பு பல்லைக் கடித்தார்.

"சைகையில அதெல்லாம் கிடையாது சார். சுட்டு விரல் ஒண்ணுதான்."

இத்தனை வருஷமும் ஆளைப் பார்த்து நானே 'ங்க' சேர்த்துவந்தேன். இன்று சேர்க்கவில்லை. இதுவும் என் விலகல்தானா? மீசையிடம்தான் கேட்க வேண்டும்.

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "தாயோட வேதனை எனக்குப் புரியுது."

போட்டேன். அம்மா அதே கேள்வியைக் கேட்டாள். "அரசு உங்களைக் கைவிடாது." போட்டேன். அம்மா அதே கேள்வியைக் கேட்டாள். முகம் மாறவில்லை, கண்ணீர் இல்லை. கடைசியில் அவர் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கார் நகரும்வரை அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிப்ரவரி 19

செய்தியில் காட்டினார்கள். 'பேச முடியாத தாய்க்கு அமைச்சர் ஆறுதல்' என்று கீழே எழுத்து. என் குரலை எடுத்துவிட்டு வயலின் இசை போட்டிருந்தார்கள். அம்மாவின் கை, அமைச்சரின் குனிந்த தலை, மறுபடி அம்மாவின் கை. நல்ல படமாக அமைந்துவிட்டதுபோல. சேனல் சேனலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேட்டது வந்துச்சா?" என்றாள் அம்மா.

"சத்தத்தை எடுத்துட்டாங்கம்மா."

"சத்தம் எனக்கெதுக்கு? கை வந்துச்சா?"

சாயங்காலம் மீசை வீடியோவில் வந்தார். நாடு முழுக்கக் காதுகேளாதோர் பார்த்துவிட்டார்களாம். ஊர் ஊராக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். "தெளிவா கேட்டிருக்காங்க. அவரும் கண்ணாடியைத்தான் துடைச்சார். நடுவுல நீ இல்ல. அதனால எல்லாரும் நம்பறோம்."

குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அதுதான் வலிக்கிறது.

மார்ச் 5

குட்டியின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. கைக்கு ஓய்வு.

மே 16

ஜெயித்துவிட்டார். போன முறையைவிட அதிக வித்தியாசத்தில். கிழக்குப் பகுதியிலும்தான்.

இன்று நன்றி சொல்லும் கூட்டம், அதே பள்ளிக்கூட மைதானத்தில். அம்மா போக வேண்டும் என்றாள். காதுகேளாதோர் சங்கத்தார் வெளியூர்களிலிருந்தும் வந்து முன்வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடைக்குப் பக்கவாட்டில் ஓரமாக நின்றேன். அமைச்சர் மேடையேறியதும் அத்தனை பேரும் எழுந்தார்கள். சுட்டு விரல். நெற்றி. தண்ணீர். அன்று. முன்வரிசை முழுவதும் ஒரே புருவ உயர்வு. கோஷம் இல்லை, சத்தம் இல்லை. மேடையில் யாருக்கும் புரியவில்லை. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி அவர்களைப் பார்த்துத் திரும்பத் திரும்ப அசைத்தார்.

அம்மா பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். அவள் வந்ததே எனக்குத் தெரியாது. காது கேட்கிற அவளும் கையைத் தூக்கியிருந்தாள். விரல்கள் சரியாக மடங்கவில்லை. தண்ணீர் என்பதற்கு வேறு என்னவோ வந்தது. அம்மா அமைச்சரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கொடுத்தாள்.